கூட்டல் குறியைப் பெருக்கல் குறியாகத் திருப்பி வையுங்கள்

கேள்வி:

ஐயா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீடு ஊத்துக்குளி. ஏழாவது படிக்கும் என் மகளுக்கு ரயில் என்றால் உயிர். அவளுக்காக மாடியில், தகர ஷீட் போட்ட அறையில், எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவில், ரயில் பாதை போட ஆரம்பித்தேன். நாக்பூரில் பாதைகள் கூட்டல் குறி மாதிரி வெட்டிக்கொள்ளும் டைமண்ட் கிராஸிங்கை ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி நடுவில் ஒன்று வேண்டும், ரயில் எட்டு வடிவத்தில் சுற்றி வர வேண்டும் என்கிறாள். 90 டிகிரி கிராஸிங் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். வேறு கம்பெனிப் பொருள், 150 மி.மீ. நீளம். வளைவுகள் 438 மி.மீ. ஆரம், பக்கத்துக்குப் பன்னிரண்டு துண்டு. கிராஸிங்கின் நாலு கைகளிலும் 168 மி.மீ. நேர்த்துண்டு இரண்டிரண்டு. பலகையில் வைத்தால் அகலம் பத்தவில்லை, அதனால் தரையில் விரித்தோம். அங்கேயும் கடைசி ஜாயிண்ட் சேரவில்லை. நீளத்தில் ஒரு இன்ச் குறைகிறது, பக்கவாட்டிலும் ஒரு இன்ச் தள்ளி நிற்கிறது. இழுத்துப் பிடித்து மாட்டிவிட்டேன். இப்போது கிராஸிங்கில் பெட்டிகள் தடம் புரள்கின்றன. இன்ஜின் சில சமயம் அங்கேயே நின்றுவிடுகிறது. சிவப்பு ஒயர் பக்கமும் கறுப்பு ஒயர் பக்கமும் அங்கே முட்டிக்கொள்ளுமோ என்றும் பயமாக இருக்கிறது. அவளுக்கு இதில் சேரன் எக்ஸ்பிரஸும் நீலகிரி எக்ஸ்பிரஸும் ஒன்றாக ஓட வேண்டுமாம், ஊட்டி ரயிலும் வேண்டுமாம். என்ன செய்யலாமுங்க?

பதில்:

நல்ல வேளையாக எல்லாவற்றையும் அளந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்களே போதும். ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் பெர்மனென்ட் வே பிரிவில் இருந்த காலத்தில், "தண்டவாளம் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அளவு சொல்லாமல் நிற்கிறவர்களிடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதலில் அந்த ஒரு இன்ச் எங்கே போனது என்று பார்ப்போம். தடம் புரள்வதில் பாதி அதனால்தான்.

எட்டு வடிவத்தில் நடுவே இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் அந்தக் கோடுகளைத் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் உட்கார வேண்டும். கோடுகள் 90 டிகிரியில் வெட்டினால், வெட்டும் புள்ளியிலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை உள்ள தூரம் வட்டத்தின் ஆரத்துக்குச் சமமாக வரும். ஆரம் 438 என்றால் கையின் நீளமும் 438. அதில் 75 மி.மீ. கிராஸிங்கின் பாதியிலேயே வந்துவிடுகிறது. மிச்சம் 363. நீங்கள் போட்டிருப்பது 168 இரண்டு, 336. ஆக, ஒவ்வொரு கையிலும் 27 மி.மீ. குறைகிறது. நீங்கள் சொல்லும் ஒரு இன்ச் இதுதான்.

பக்கவாட்டில் ஏன் தள்ளுகிறது? ரயில் புறப்படும் கையில் குறைந்த 27, பாதை முக்கால் வட்டம் திரும்பி வந்த பிறகு பக்கவாட்டு விலகலாகத் தெரிகிறது. வந்து சேரும் கையில் குறைந்த 27 இடைவெளியாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே தப்புதான். இதை இழுத்துப் பிடித்து மாட்டியதும் அந்த 27 மறைந்துவிடவில்லை. பன்னிரண்டு வளைவுத் துண்டுகளின் ஜாயிண்டுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் ஒளிந்துகொண்டது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரு இன்ச் வித்தியாசமாக வெட்டிவிட்டு, ஓவர்லாக்கில் இழுத்துத் தைத்தால் டி-ஷர்ட்டுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தையல் முடிந்துவிடும், துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும். உங்கள் பாதை முறுக்கிக்கொண்டிருப்பது கிராஸிங்கில்.

27 மி.மீ. துண்டுகள் நாலு வெட்டிச் சொருகினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒரு கைக்கு மூன்று துண்டு என்றால் ஜாயிண்டுகள் அதிகம். அதற்குப் பதில் ஒரு கஜ நீளத்தில், அதாவது 914 மி.மீ. நீளத்தில் விற்கும் வளையும் பாதை இரண்டு வாங்குங்கள். ஒன்றில் 363 மி.மீ. துண்டுகள் இரண்டு கிடைக்கும், நாலு கைக்கும் ஆயிற்று. ரயிலை (தண்டவாளக் கம்பியையும் நாங்கள் ரயில் என்றுதான் சொல்வோம்) வெட்டியதும் முனையை அரத்தால் தட்டையாக ராவி, உட்பக்கப் பிசிறை எடுத்துவிடுங்கள். இரண்டு ரயில் முனைகளை இணைக்கும் ஜாயினர் ஏறுவதற்காகக் கடைசி ஸ்லீப்பர் கட்டையில் ரயிலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளைச் சீவிவிட வேண்டும்.

இனி பலகை பத்தாத கதை. கூட்டல் குறி வேண்டும் என்று அம்மிணி சொன்னதும் நீங்கள் கிராஸிங்கின் கைகளைப் பலகை ஓரத்துக்கு இணையாக வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் இரண்டு வட்டங்களும் மூலைவிட்டமாகப் போய் உட்காரும். நீளம் அகலம் இரண்டும் 1752 மி.மீ. கேட்கும். நாலடி என்பது 1219 மி.மீ.தான், எப்படிப் பத்தும்? கிராஸிங்கை 45 டிகிரி திருப்பி வையுங்கள். கூட்டல் குறி பெருக்கல் குறி ஆகிவிடும், அவ்வளவுதான். இப்போது வட்டங்கள் பலகையின் நீளவாக்கில் இடமும் வலமுமாக அமரும். மொத்த நீளம் 2115, அகலம் 876. எட்டடி என்பது 2438. நீளவாக்கில் இரு முனையிலும் 16 செ.மீ., பக்கவாட்டில் 17 செ.மீ. மிச்சம் இருக்கும். ஒரு பெட்டி கவிழ்ந்தாலும் பலகை மேலேயே விழும்.

இன்னும் பெரிய வளைவு போட்டால் அழகாக இருக்குமே என்று தோன்றும். அடுத்த அளவான 505 ஆரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த நீளம் 2438 வருகிறது. பலகை நீளமும் அதே. தண்டவாளத்தின் நடுக்கோடு பலகையின் விளிம்பில் நிற்கும், பாதி ரயில் அந்தரத்தில். 438-ஐ விட்டு நகராதீர்கள்.

வரைவதை எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் இந்த வேலையில் முக்கியம். பெரும்பாலானவர்கள் பலகையின் ஓரத்திலிருந்து பாதையைப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் நடுவே கிராஸிங்கைச் சொருகப் பார்க்கிறார்கள். வளைவைக் கொஞ்சம் நெளிக்கலாம், நேர்த்துண்டைக் கொஞ்சம் வெட்டலாம். கிராஸிங் ஒன்றுதான் எதற்கும் வளைந்து கொடுக்காது. அதனால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் தொழிலில் கட்டிங் டேபிளில் விரிக்கும் மார்க்கர் பேப்பர் இருக்கிறதே, அதைப் பலகை அளவுக்கு விரித்து ஒட்டிக்கொள்ளுங்கள். இந்த வசதி எனக்கெல்லாம் கிடைக்கவில்லை, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டித்தான் காலம் தள்ளினேன். நீளவாக்கில் நடுக்கோடு, அதன் மையத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக இரண்டு சாய்வுக் கோடுகள். அவை நேர் செங்கோணம்தானா என்று 300, 400, 500 முக்கோணம் போட்டுச் சரிபாருங்கள். ஒவ்வொரு கையிலும் 438-இல் ஒரு குறி. குறியிலிருந்து செங்குத்தாகக் கோடு இழுத்தால், ஒரு பக்கத்தின் இரண்டு கோடுகளும் நடுக்கோட்டின் மேல் சந்திக்கும். அதுதான் வட்டத்தின் மையம். அது கிராஸிங் மையத்திலிருந்து 619 மி.மீ. தூரத்தில் விழ வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, ஐந்து இருந்தால் அழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். வட்டம் போடக் காம்பஸ் வேண்டாம். ஒரு மரச்சட்டத்தில் ஓர் ஆணி, 438 தள்ளி பென்சில் நுழைய ஓர் ஓட்டை, அது போதும்.

ஸ்டேஷன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மிணி கேட்காமல் இருக்கமாட்டாள். பலகையின் ஒரு முனையில் வட்டத்தை நடுவில் பிளந்து 168 மி.மீ. நேர்த்துண்டு ஒன்றைச் சொருகலாம். சொருகினால் அந்தப் பக்கத்து இரண்டு கைகளும் ஆளுக்கு 119 மி.மீ. நீள வேண்டும், இல்லாவிட்டால் பழைய ஒரு இன்ச் கதைதான். கிடைப்பது ஊத்துக்குளி ஸ்டேஷனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. முதல் தடவைக்கு வேண்டாம் என்பேன்.

கடையில் வேறு கோணங்களில் கிராஸிங் கிடைக்கும்போது 90 தான் வேண்டுமா என்று கேட்கலாம். கோணம் குறையக் குறைய கை நீளும். 60 டிகிரியில் கை நீளம் ஆரத்தைப் போல 1.73 மடங்கு. 371 ஆரம் வைத்தால் எட்டடிப் பலகையில் அடங்கும், 438 வைத்தால் அடங்காது. 45 டிகிரியில் 2.41 மடங்கு, 371 ஆரம்கூட வெளியே போய்விடும். 22.5 டிகிரியில் ஐந்து மடங்கு, அதற்கு வீட்டுத் திண்ணை முழுவதும் வேண்டும். அந்தச் சின்னக் கோணக் கிராஸிங்குகள் எட்டுப் போடுவதற்காகச் செய்தவை அல்ல. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு பாதைகளுக்கு நடுவே பாயிண்டுகளோடு, அதாவது ஒரு பாதையிலிருந்து இன்னொன்று பிரியும் துண்டுகளோடு, சேர்த்துப் போடுவதற்கானவை. பீகோ கம்பெனியின் ஸ்ட்ரீம்லைன் வகைப் பாயிண்டுகள் பெரும்பாலும் 12 டிகிரி. இரண்டு பாதைகளுக்கு நடுவில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்குப் பாதை போட்டால், இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 12, நடுவில் வெட்டும் கோணம் 24. அவர்களுடைய சின்னக் கிராஸிங் 24 டிகிரியில் இருப்பது இதற்காகத்தான். இதெல்லாம் ஈரோடு யார்டு போடப் போகிறவர்களுக்கு. கிராஸிங்கும் பாயிண்டும் ஒன்றாகச் சேர்ந்த டபுள் ஸ்லிப்பை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

நிஜப் பாதையில் இந்தச் சின்னக் கோணம்தான் எங்களைத் தூங்கவிடாது. இரண்டு ரயில்கள் வெட்டும் இடத்தில் சக்கரத்தின் ஃபிளாஞ்ச், அதாவது உட்பக்கம் நீட்டியிருக்கும் விளிம்பு, போக ஒரு வாய்க்கால் விட்டாக வேண்டும். கோணம் எவ்வளவு படுத்திருக்கிறதோ, அவ்வளவு தூரத்துக்கு அந்த இடத்தில் ரயிலே இல்லாமல் போகும். சக்கரம் அந்தப் பள்ளத்தைத் தாண்டும்போது வழி தவறாமல் பிடித்துச் செல்வது எதிர்ப்பக்கத்தில் ஓடும் ரயிலை ஒட்டி உட்புறம் போட்ட காவல் கம்பியான செக் ரயில். பிராட்கேஜில் செக் ரயிலுக்கும் ஓடும் ரயிலுக்கும் நடுவே 44-இலிருந்து 48 மி.மீ. வரைதான் அனுமதி. டைமண்டின் நடுவில் இருக்கும் இரண்டு இடங்களில் எதிரெதிரே ஒரே நேரத்தில் பள்ளம் வருவதால், படுத்த கோணத்தில் செக் ரயிலாலும் முழுசாகக் காப்பாற்ற முடியாது. 90 டிகிரியில் அந்தத் தொல்லை இல்லை. பள்ளம் சின்னது, ஆனால் நாலு மூலையிலும் தடக் தடக் என்று அடிக்கும். உங்கள் மகள் வீடியோவில் கேட்டு மயங்கியது அந்தச் சத்தமாகத்தான் இருக்கும்.

மாடலிலும் விஷயம் அதேதான். 27 மி.மீ.-ஐச் சரிசெய்த பிறகும் பெட்டி இறங்கினால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது ரயிலின் உயரம். கிராஸிங் வேறு கம்பெனி என்றீர்கள். செட் டிராக் எல்லாம் பெரும்பாலும் கோட் 100, அதாவது ரயில் உயரம் 2.54 மி.மீ. உங்கள் கிராஸிங் கோட் 83 ஆக இருந்தால் 2.1 மி.மீ. ஜாயிண்டில் 0.4 மி.மீ. படி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரல் நகத்தை ஓட்டினால் தட்டும். அப்படித் தட்டினால் கிராஸிங்குக்கு அடியில் அட்டை கொடுத்து, மேல்பரப்பு ஒரே மட்டம் ஆகும் வரை ஏற்றுங்கள். ஒரு விசிட்டிங் கார்டும் ஒரு தாளும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும். ஜாயினரின் ஒரு பாதியைத் தட்டையாக நசுக்கி, அதன் மேல் சின்ன ரயிலை உட்காரவைத்துச் சால்டர் வைத்துவிடலாம்.

இரண்டாவது சக்கரம். ஒரு அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே ஏறக்குறைய 14.4 மி.மீ. இருக்க வேண்டும். வெர்னியரால் ஒவ்வொரு அச்சையும் அளங்கள், ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று விடாதீர்கள். குறைவாக இருந்தால் சக்கரம் செக் ரயிலை இறுக்கிப் பிடித்து மேலே ஏறும். அதிகமாக இருந்தால் ஃபிளாஞ்ச் போய் எதிர் மூக்கில், அதாவது ரயில்கள் சேரும் கூர்முனையில், முட்டும். விலை குறைந்த பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரங்களின் ஃபிளாஞ்ச் ஆழமாகவும் இருக்கும், வாய்க்காலின் அடியில் உரசித் துள்ளும். வாய்க்காலைத் தோண்டப் போகாதீர்கள். சக்கரத்தை மாற்றுங்கள்.

மூன்றாவது மட்டம். ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கிராஸிங்கின் மேல் நாலு திசையிலும் குறுக்காக நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியக் கூடாது. தரையில் டைல்ஸ் ஜாயிண்டின் மேல் கிராஸிங் உட்கார்ந்திருந்தால் பாதி வினை அதுதான். பலகைக்கு வந்த பிறகும், வெறும் பிளைவுட் போதாது, அடியில் மரச்சட்டம் அடித்தால்தான் வளையாமல் இருக்கும். தகர ஷீட் அறை என்பதால் இன்னொன்று. சித்திரை வைகாசி மதியத்தில் அங்கே ரயில் நீளும். எல்லா ஜாயிண்டையும் இறுக முட்டவிடாமல், ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். ஆனால் கிராஸிங்கை ஒட்டிய நாலு ஜாயிண்டில் மட்டும் இடைவெளி வேண்டாம், ஏற்கெனவே அங்கே பள்ளம் அதிகம்.

பசை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக இதே மாதிரி எட்டு ஒன்று செய்தேன். முதல் நாள் ராத்திரி, அழகாக இருக்கட்டுமென்று கிராஸிங்கைச் சுற்றி ஜல்லி தூவி, தண்ணீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். காலையில் நாலு வாய்க்காலிலும் பசை கல்லாக இறுகிக் கிடந்தது. இன்ஜின் ஏறியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தலைமையாசிரியர் வந்து நிற்கிறார், நான் பிளேடை வைத்துக்கொண்டு தண்டவாளத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடம் நிஜப் பாதையைப் பார்த்தவன்! கிராஸிங்குக்கு நாலு பக்கமும் ஒரு விரற்கடை விட்டு ஜல்லி போடுங்கள். கிராஸிங்கைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், இரண்டு சின்ன ஸ்குரூ போதும். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு ஜல்லி.

கரண்டுக்கு வருவோம். சிவப்பும் கறுப்பும் முட்டுமோ என்று பயந்தீர்கள், முட்டாது. ஒரு பெட்டியின் இடது பக்கத்தில் மட்டும் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்து, கையால் தள்ளிக்கொண்டே எட்டு முழுவதையும் சுற்றி வாருங்கள். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்போது பொட்டு அதே ரயிலின் பக்கம்தான் இருக்கும். எட்டு என்பது முறுக்கிவிட்ட வட்டம், அவ்வளவுதான். ஒரு பாயிண்டில் பிரிந்து வட்டமடித்து அதே பாதைக்கே திரும்பி வரும் லூப் போட்டால்தான் பொட்டு எதிர்ப்பக்கம் போகும், ஷார்ட்டும் ஆகும். கிராஸிங்குக்குள்ளே ரயில்கள் குறுக்கே போகும் இடங்களில் பிளாஸ்டிக் வைத்துப் பிரித்திருப்பார்கள், துண்டித்த ரயில்களை அடியில் கம்பியால் இணைத்திருப்பார்கள்.

அந்தப் பிளாஸ்டிக்தான் உங்கள் இன்ஜினை நிறுத்துகிறது. 90 டிகிரியில் இடது வலது இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிளாஸ்டிக் மேல் போகும். எல்லாச் சக்கரத்திலும் கரண்ட் எடுக்கும் நீளமான இன்ஜின் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடும். ஒரு போகியில், அதாவது அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு சட்டங்களில் ஒன்றில், மட்டும் எடுக்கும் இன்ஜின் தடுமாறும். இன்ஜினைக் கவிழ்த்து, மெல்லிய கம்பிகள் எத்தனை சக்கரங்களைத் தொடுகின்றன என்று எண்ணுங்கள். ஒரு போகியில்தான் இருக்கிறது என்றால், தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்து மற்றப் போகிக்கும் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பனியன் துணியால் சக்கரத்தையும் ரயிலையும் துடையுங்கள். பனியன் வேஸ்ட்டுக்கு உங்கள் ஊரில் பஞ்சமா!

அதோடு மல்டிமீட்டரை எடுத்து, கிராஸிங்கின் ஒரு முனை ரயிலிலிருந்து நேர் எதிர் முனை ரயிலுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று நாலு ரயிலையும் பாருங்கள். அடிக்கம்பி விட்டுப்போயிருப்பது சகஜம். எப்படியும் பாதை முழுவதற்கும் ஒரே இடத்தில் கரண்ட் கொடுக்காதீர்கள், நாலு கைக்கும் தனித்தனியே ஒயர் இறக்கிவிடுங்கள். போகும் திசையில் இடது ரயில் சிவப்பு, வலது ரயில் கறுப்பு. விரலை இடது ரயிலில் வைத்துக்கொண்டே ஒரு சுற்று வந்து சாக்பீஸால் குறியிட்ட பிறகு சால்டரைத் தொடுங்கள். பின்னால் எப்போதாவது 12 அல்லது 24 டிகிரிக் கிராஸிங் வாங்கி, சக்கரம் மூக்கருகே போகும்போது பொறி பறந்தால், மூக்கை ஒட்டிய ரயில் முனைகளில் நெயில் பாலிஷ் ஒரு கோட் அடியுங்கள். வீட்டில் இருக்கும்.

ஊட்டி ரயிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது மீட்டர்கேஜ், ஒரு மீட்டர் அகலப் பாதை. எச்.ஓ. அளவில் 12 மி.மீ. அகலப் பாதை வேண்டும், உங்களுடையது 16.5. இரண்டு கேஜ்கள் வெட்டிக்கொள்ளும் கிராஸிங் வேண்டுமென்றால் ரயிலை ஒவ்வொன்றாகச் சால்டர் செய்து கையால்தான் கட்ட வேண்டும், எனக்கே மூன்று நாள் வேலை. மேட்டுப்பாளையத்திலேயே இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்வதில்லையே! நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தவர்கள் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ரயிலுக்கு மாறுகிறார்கள். நீங்களும் பலகையின் ஒரு மூலையில் 12 மி.மீ. பாதை ஒரு முழம் போட்டு, மலை ரயிலை நிறுத்திவையுங்கள். எட்டின் ஒரு கையை இன்னொன்றின் மேல் பாலமாகத் தூக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தூக்கலாம். 75 மி.மீ. உயரத்தை ஒரு பக்கத்து வளையத்தின் 2940 மி.மீ. நீளத்தில் ஏற வேண்டும், 39-க்கு 1 ஏற்றம். கல்லாரிலிருந்து குன்னூர் வரை 12-க்கு 1 ஏறுவதற்குப் பல்சக்கரம் வேண்டியிருக்கிறது, உங்களுக்கு அது வேண்டாம். ஆனால் பாலம் போட்டால் கிராஸிங் போய்விடும். அம்மிணி கேட்டது கிராஸிங்.

கடைசியாக, சேரனும் நீலகிரியும் ஒன்றாக ஓடுவது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மொத்தப் பாதை 5880 மி.மீ. இரண்டு ரயிலையும் சரிபாதித் தூரத்தில், ஆளுக்கொரு வளையத்தில் விட்டால் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதித் தூரம் என்றால் 2940. ஒரு வளையத்தின் நீளமும் 2940. அதாவது ஒன்று கிராஸிங்கின் நடுவில் இருக்கும் அதே நொடியில் மற்றதும் அங்கே இருக்கும்! கால் பங்குத் தூரத்தில் விட்டால் கொஞ்ச நேரம் தப்பிக்கலாம். ஆனால் எந்த இரண்டு இன்ஜினும் ஒரே வேகத்தில் ஓடாது, பத்துச் சுற்றுக்குள் ஒன்று மற்றதன் விலாவில் இடிக்கும். ஒரே ரயிலானாலும் அதன் நீளம் 2940-ஐத் தாண்டினால் தன் வாலையே இடிக்கும். இன்ஜினும் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலை வகைப் பெட்டிகள் ஆறும் சேர்ந்தால் 1700 மி.மீ. சொச்சம்தான், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. இரண்டு ரயில் விடும்போது மட்டும் ஆளுக்கு மூன்று பெட்டியோடு நிறுத்துங்கள்.

நிஜ ரயில்வேயில் ஒற்றைப் பாதைக்கு டோக்கன் என்று ஒன்று உண்டு. டோக்கன் கையில் இல்லாத டிரைவர் பாதைக்குள் நுழைய முடியாது, ஒரு பாதைக்கு ஒரு சமயத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். உங்கள் பலகையில் மூன்று கால் உள்ள டாகிள் சுவிட்ச் ஒன்று அந்த வேலையைச் செய்யும். கிராஸிங்குக்கு ரயில் வந்து சேரும் கைகள் இரண்டு. அவை ஒவ்வொன்றிலும் இடது ரயிலை மட்டும் இரண்டு இடத்தில் துண்டியுங்கள்: கிராஸிங்கை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஜாயினர், கையைத் தாண்டி முதல் வளைவுத் துண்டு முடியும் இடத்தில் இன்னொன்று. நடுவில் 535 மி.மீ. தனியாக நிற்கும். அந்தப் பகுதிக்கு ஏற்கெனவே இறக்கிய சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் ஒரு ஓரக் காலில் மாட்டுங்கள். மற்றக் கையின் ஒயர் மறு ஓரக் காலுக்கு. கன்ட்ரோலரின் சிவப்பு நடுக்காலுக்கு. எப்போதும் ஒரு கைக்குத்தான் கரண்ட் போகும், இரண்டுக்கும் சேர்ந்து போக வழியே இல்லை. மற்றக் கைக்கு வரும் இன்ஜின் முழுவதும் உள்ளே நுழைந்ததும் செத்து நிற்கும். 215 மி.மீ. இன்ஜின் கொஞ்சம் உருண்டு போய் நின்றாலும் கிராஸிங்குக்கு முன் இடம் மிச்சம் இருக்கும். உள்ளே விளக்கு எரியும் பெட்டிகளை மட்டும் அன்று மாட்டாதீர்கள். அவற்றின் சக்கரங்கள் வெட்டின் இரண்டு பக்கத்தையும் இணைத்து, நிற்க வேண்டிய இன்ஜினைக் கிளப்பிவிடும்.

சுவிட்ச் அவள் கையில் இருக்கட்டும், கன்ட்ரோலர் உங்கள் கையில். எப்போது தட்டுவது என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். இன்ஜின் தாண்டியதும் தட்டினால் வால் அடிபடும். ஊத்துக்குளி ஸ்டேஷனில் ரயில் போன பிறகு கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிதாக ஒரு பெருக்கல் குறி தெரியுமே, பார்த்திருப்பாள். வண்டி முழுசாகப் போய்விட்டது, பின்னால் பெட்டி எதுவும் விட்டுப்போகவில்லை என்று அதைப் பார்த்துத்தான் ஸ்டேஷனில் உறுதி செய்துகொள்கிறார்கள். இரண்டு ரயிலின் கடைசிப் பெட்டியிலும் மஞ்சள் பெயின்ட்டால் அந்தக் குறியை அவளையே வரையச் சொல்லுங்கள். அது கிராஸிங்கைத் தாண்டிய பிறகு தட்டட்டும்.